கார்கிவ் தெரியும், உக்ரைன் தெரியாது

2022 பிப்ரவரி 24ஆம் தேதி அதிகாலையில் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. அடுத்த இரண்டு வாரத்துக்குள் தமிழ்நாட்டில் பல குடும்பங்களுக்குக் கிழக்கு ஐரோப்பாவின் வரைபடம் மனப்பாடம் ஆகிவிட்டது. கார்கிவ், சூமி, லிவிவ் என்று அதுவரை காதில் விழாத ஊர்ப் பெயர்கள் டீக்கடைப் பேச்சில் அடிபட்டன. அங்கே மருத்துவம் படிக்கும் பிள்ளை எந்த எல்லை வழியாக வெளியேறுவது நல்லது, போலந்தா, ருமேனியாவா, ஹங்கேரியா என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் விடிய விடியப் பேசினார்கள். இந்திய அரசின் மீட்புப் பணியான 'ஆபரேஷன் கங்கா' முடிந்தபோது ஏறத்தாழ 22,500 இந்தியர்கள் நாடு திரும்பியிருந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டு மாணவர்கள் மட்டும் சுமார் 1,900 பேர்.

திரும்பி வந்தவர்களுக்கு உடற்கூறியல் தெரியும், நோயியல் தெரியும். தாங்கள் குடியிருந்த நகரத்தின் கதை அவர்கள் பாடத்திட்டத்தில் கிடையாது. கார்கிவ் கடைத்தெருவில் ரஷ்ய மொழி ஏன் அவ்வளவு புழங்கியது, 1939 வரை போலந்திடம் இருந்த லிவிவ் நகரம் ஏன் வேறு மாதிரி யோசித்தது, ஒரே நாட்டின் இரு முனைகளுக்கு இரு வேறு நினைவுகள் எப்படி வந்தன என்பதையெல்லாம் மருத்துவம் படிக்கப் போனவர்களிடம் கேட்பது நியாயமும் இல்லை. ஆனால் இந்தக் கேள்விகளுக்கென்றே உலகப் பல்கலைக்கழகங்களில் தனிப் படிப்பு இருக்கிறது. 'ஏரியா ஸ்டடீஸ்' என்பார்கள். தமிழில் பிராந்திய ஆய்வு. அதில் ஒரு பெரிய கிளை ஐரோப்பாவையும், ரஷ்யா தொடங்கி மத்திய ஆசியா வரை விரியும் யூரேசியாவையும் எடுத்துக்கொள்கிறது.

மற்றத் துறைகளிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது? அரசியல் அறிவியல் மாணவர் உலகத்து நாடாளுமன்றங்களையெல்லாம் ஒப்பிட்டுப் படிப்பார். பொருளாதார மாணவருக்கு எந்த நாட்டுச் சந்தையும் சந்தைதான். பிராந்திய ஆய்வு மாணவரோ ஒரு நிலப்பகுதியைப் பிடித்துக்கொள்கிறார். அதன் மொழியை இரண்டு, மூன்று ஆண்டுகள் கற்கிறார். அதன் வரலாறு, இலக்கியம், மதம், தேர்தல், விலைவாசி எல்லாமே அவருக்குப் பாடம். ஆழ்ந்த நிபுணத்துவம் எதிலும் வருவதில்லை என்று பிற துறைக்காரர்கள் இதைக் குறைசொல்வதுண்டு. அந்தக் குறையில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் உள்ளூர் மொழியில் செய்தித்தாள் படிக்கத் தெரியாத நிபுணரைவிட இவர் மேல் என்பது 2022 போன்ற சமயங்களில் புரிந்துவிடுகிறது.

இந்தப் படிப்புகள் பிறந்த கதையில் எப்போதும் ஒரு போர் இருக்கும். லண்டனில் 'ஸ்லாவோனிக் மற்றும் கிழக்கு ஐரோப்பிய ஆய்வுப் பள்ளி' தொடங்கியது 1915இல், முதல் உலகப் போரின் நடுவே. தொடக்க உரை ஆற்றியவர் தாமஸ் மசாரிக் என்ற நாடுகடந்து வாழ்ந்த பேராசிரியர். பேசிய பொருள், ஐரோப்பிய நெருக்கடியில் சிறிய தேசங்களின் நிலை. மூன்றே ஆண்டுகளில் அவர் செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் குடியரசுத் தலைவர் ஆனார். ஒரு பல்கலைக்கழகச் சொற்பொழிவுக்குப் பின்னால் ஒரு நாடே பிறப்பது அடிக்கடி நடக்கும் காரியம் அல்ல.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கா இதில் இறங்கியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1946இல் ரஷ்ய ஆய்வு நிறுவனம், ஹார்வர்டில் 1948இல் ரஷ்ய ஆராய்ச்சி மையம். 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை வானில் ஏற்றியதும் வாஷிங்டனுக்குத் தூக்கம் போய்விட்டது. மறு ஆண்டே 'தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம்' வந்தது. அதன் ஆறாம் பிரிவு, பிறநாட்டு மொழிகளையும் பிராந்தியங்களையும் கற்பிக்கும் மையங்களுக்கு அரசுப் பணத்தைக் கொட்டியது. எதிரியின் மொழி தெரியாவிட்டால் ஆபத்து என்ற பயம்தான் அடிப்படை. பயத்தில் பிறந்த படிப்பு என்றாலும் அதில் நல்லதும் விளைந்தது.

விளைந்த நன்மைகளில் ஒன்று மதுரைக்கு வந்து சேர்ந்தது. அந்தச் சட்டத்தின் கணக்கில் ரஷ்யா மட்டும் இல்லை, தெற்காசியாவும் இருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் தெற்காசிய மையங்களில் தமிழ் கற்பிக்கப்பட்டது. அப்படிக் கற்றவர்கள் பேச்சுத் தமிழ் பழக ஊர் தேடியபோது அகப்பட்டது மதுரை. விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர்கள் ஓராண்டு தங்கிப் படிக்க மதுரைக்கு வந்தார்கள். 'அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ்' தனது தமிழ் மொழிப் பயிற்சியை இங்கேதான் நடத்தி வருகிறது. ஆக, பிராந்திய ஆய்வு என்றால் என்ன என்று மதுரைக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. மல்லிகைப்பூ விற்கும் பெண்ணிடம் தட்டுத்தடுமாறித் தமிழில் விலை கேட்கும் வெள்ளைக்கார மாணவர்தான் அது. நம்மூரே அவர்களுக்கு ஒரு 'ஏரியா'.

வைகையின் வடகரையில், தறிகளுக்குப் பெயர்போன செல்லூரிலிருந்து கோரிப்பாளையம் நடக்கும் தூரம்தான். அங்கே 1881இல் தொடங்கப்பட்ட அமெரிக்கன் கல்லூரி இருக்கிறது. பக்கத்திலேயே ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரி. ஆற்றைக் கடக்கும் பாலத்துக்கு ஆல்பர்ட் விக்டர் என்ற இங்கிலாந்து இளவரசரின் பெயர். இவ்வளவு பக்கத்தில் வெளியுலகம் வந்து போன ஒரு பேட்டையிலிருந்து எதிர்த்திசையில் போய், ஐரோப்பாவையோ யூரேசியாவையோ பாடமாக எடுத்துப் படிப்பது சாத்தியமா? அப்படிப் படித்தால் என்ன பயன்?

பயனைப் பேசுமுன் ரஷ்யர்கள் நம்மை எப்படிப் படித்தார்கள் என்று பார்ப்பது நல்லது. அலெக்சாண்டர் மெர்வார்ட் என்பவரும் அவர் மனைவி லுட்மிலாவும் 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சுற்றி, அருங்காட்சியகத்துக்குப் பொருள் சேர்த்தார்கள். ஊர் திரும்பிய மெர்வார்ட் லெனின்கிராடில் தமிழ் கற்பித்தார். பேச்சுத் தமிழுக்கு ரஷ்ய மொழியில் ஓர் இலக்கணம் எழுதி 1929இல் வெளியிட்டார். மறு ஆண்டே ஸ்டாலின் அரசு அறிஞர்கள் மீது தொடுத்த வழக்கில் கைதாகி, 1932இல் முகாமில் இறந்தார். தமிழ் இலக்கணம் எழுதிய கையோடு ஒருவர் வடதுருவப் பக்கத்து முகாமுக்குப் போன கதை தமிழ்நாட்டில் அதிகம் பேசப்படுவதில்லை.

அவருக்குப் பின் அலெக்சாண்டர் பியாதிகோர்ஸ்கியும் செம்யோன் ருதினும் தமிழ்–ரஷ்ய அகராதி ஒன்றை 1960இல் கொண்டுவந்தார்கள். திருக்குறளின் ரஷ்ய மொழிபெயர்ப்பு ஒன்று 1963இல் வெளிவந்தது. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் துபியான்ஸ்கி சங்கப் பாடல்களில் வாழ்நாளைக் கழித்தார். 2020இல் கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று. பிராகில் கமில் சுவலபில் தமிழ் இலக்கிய வரலாற்றை உலகறியச் செய்தார். 1968இல் சோவியத் டாங்கிகள் அந்நகருக்குள் வந்தபின் அவர் நாட்டைவிட்டே வெளியேறி அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் பணிசெய்தார். தமிழை ஆராய்ந்த ஐரோப்பியர்களின் வாழ்க்கையை அறியவே ஐரோப்பிய அரசியல் கொஞ்சம் தெரிய வேண்டியிருக்கிறது.

எதிர்த்திசையில் நாம் என்ன செய்தோம்? ரஷ்ய இலக்கியத்தைத் தமிழர்கள் படித்த அளவுக்கு வேறு எந்த வெளிநாட்டு இலக்கியத்தையும் படித்திருப்பார்களா என்பது சந்தேகம். பூர்ணம் சோமசுந்தரம், நா. தர்மராஜன் போன்றவர்கள் மாஸ்கோவிலேயே தங்கி, முன்னேற்றப் பதிப்பகத்துக்காக மொழிபெயர்த்தார்கள். நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் அந்த நூல்களைச் சில ரூபாய்க்கு ஊர் ஊராகக் கொண்டுபோயிற்று. மதுரை பாத்திமா கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த எம்.ஏ. சுசீலா, தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்', 'அசடன்' நாவல்களைத் தமிழுக்குத் தந்தார், ஆங்கிலம் வழியாக. குறை சொல்வதற்கில்லை, அது பெரும் உழைப்பு. ஆனால் இத்தனை வாசகர்கள் இருந்தும் ரஷ்ய மொழியிலிருந்தே நேரடியாகத் தமிழாக்கக் கூடியவர்களின் வரிசை ஒன்று இங்கே உருவாகாமல் போனது யோசிக்க வேண்டிய விஷயம். படிக்கும் ஆர்வம் இருந்தது, பல்கலைக்கழகத் துறை இல்லை.

இந்தியாவில் அத்தகைய துறை எங்கே தொடங்கியது என்று தேடினால் டெல்லிக்குப் போக வேண்டும். 1955இல் அங்கே 'இந்தியப் பன்னாட்டு ஆய்வுப் பள்ளி' உருவானது. அதன் முதல் இயக்குநர் ஏ. அப்பாதுரை. இடைக்காலத் தென்னிந்தியாவின் பொருளாதார நிலையைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து பெயர் வாங்கியவர் அவர். 1965இல் டெல்லியிலேயே ரஷ்ய ஆய்வு நிறுவனம் வந்தது. இரண்டும் பின்னர் 1969இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இணைந்தன. இன்றும் ஜே.என்.யூ.வில் ஐரோப்பிய ஆய்வுக்கு ஒரு மையம், ரஷ்ய மற்றும் மத்திய ஆசிய ஆய்வுக்கு ஒரு மையம், மொழிப் பள்ளியில் ரஷ்யன், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் எல்லாம் உண்டு. மும்பைப் பல்கலைக்கழகத்தில் சோவியத் காலத்தில் சோவியத் ஆய்வு மையம் இருந்தது, காஷ்மீர் பல்கலைக்கழகத்தில் 1978 முதல் மத்திய ஆசிய ஆய்வு மையம். பட்டுப்பாதை வழியே சமர்கண்டோடும் புகாராவோடும் உறவு வைத்திருந்த காஷ்மீருக்கு அது பொருத்தம்தான்.

1991இல் சோவியத் ஒன்றியம் 15 நாடுகளாக உடைந்தது. படித்துக்கொண்டிருந்த பொருளே காணாமல் போனால் துறை என்ன செய்யும்? பெயர்ப்பலகையை மாற்றும். மும்பையின் சோவியத் மையம் மத்திய யூரேசிய ஆய்வு மையம் ஆயிற்று. அமெரிக்காவில் இத்துறை அறிஞர்களின் பெரிய சங்கம் 2010இல் தன் பெயரில் 'யூரேசியா'வைச் சேர்த்துக்கொண்டது. பெயர் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. ரஷ்ய மொழி மட்டும் கற்றுக்கொண்டு உக்ரைனையும் ஜார்ஜியாவையும் உஸ்பெகிஸ்தானையும் மாஸ்கோவின் ஜன்னல் வழியே பார்க்கும் வழக்கம் தொடர்ந்தது. 2022க்குப் பிறகு அதன் மீது கடும் விமர்சனம் எழுந்து, உக்ரைனிய மொழியையும் மத்திய ஆசிய மொழிகளையும் தனித்தனியே கற்பிக்க வேண்டும் என்ற குரல் வலுத்திருக்கிறது. டெல்லியிலிருந்து மட்டும் தமிழ்நாட்டைப் பார்த்தால் எப்படியிருக்கும் என்று அறிந்த வாசகருக்கு இந்தக் கோபம் எளிதில் புரியும்.

பயன் என்ன என்ற கேள்விக்கு வருவோம். முதலில் பழைய காலம்.

ராபர்ட் தெ நோபிலி என்ற இத்தாலிய ஏசுசபைத் துறவி 1606இல் மதுரைக்கு வந்தார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஆண்டுதோறும் ரோமுக்குக் கடிதம் எழுதினார்கள். நாயக்கர் அரண்மனைச் சண்டை, பஞ்சம், பாளையக்காரர் கலகம், திருச்சிக்குத் தலைநகர் மாறியது எல்லாம் அந்தக் கடிதங்களில் இருக்கிறது. லத்தீன், போர்ச்சுக்கீசியம், இத்தாலியம் எனப் பல மொழிகளில் எழுதியவை. இரா. சத்தியநாத ஐயர் 1924இல் மதுரை நாயக்கர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியபோது அந்தக் கடிதங்கள் இல்லாமல் அவரால் நகர முடியவில்லை. அதாவது, திருமலை நாயக்கர் மகாலைப் பற்றி எழுதுகிறவருக்கே ஐரோப்பிய மொழி ஒன்று தேவைப்படுகிறது.

இந்த வழியில் போய்ச் சாதித்த தமிழர்கள் உண்டு. ஊர்காவற்றுறையில் பிறந்து ரோமில் படித்த தனிநாயகம் அடிகள், ஐரோப்பிய நூலகங்களில் உறங்கிய பழந்தமிழ் அச்சு நூல்களைத் தேடிப் பிடித்தவர். அன்டாம் தெ புரோயென்சா தொகுத்து 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்ச்சுக்கீசிய அகராதியின் படி வத்திக்கானில் இருந்தது. அதை அப்படியே படியெடுத்து 1966இல் கோலாலம்பூரில் வெளியிட்டார். யாழ்ப்பாணத்துச் சின்னப்பா அரசரத்தினம் டச்சு மொழி கற்று, டச்சுக் கம்பெனியின் ஆவணங்களைக் கொண்டு இலங்கையின் டச்சு ஆட்சியையும் சோழமண்டலக் கரை வணிகர்களையும் பற்றி எழுதினார். 1986இல் வந்த அவரது சோழமண்டல வணிக நூலில் பழவேற்காடும் நாகப்பட்டினமும் உயிரோடு எழுந்து வருகின்றன. நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கிய தரகர்கள், சாயம், மழை பொய்த்த ஆண்டில் ஏறிய நூல் விலை என்று அந்த உலகத்தின் கணக்கெல்லாம் டச்சுக்காரனின் பேரேட்டில்தான் பதிவாகியிருக்கிறது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான வரலாறு எது?

அந்தப் பேரேடுகளில் ஒரு பகுதி நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கிறது. இன்னொரு பகுதியைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டாம், சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலேயே டச்சு ஆவணங்கள் இருக்கின்றன. படிக்க ஆள் வேண்டும். பதினேழாம் நூற்றாண்டு டச்சு, கையெழுத்து வேறு. இதற்காகவே லெய்டன் பல்கலைக்கழகம் 'டானாப்', 'என்கம்பாஸ்' என்ற திட்டங்களின் கீழ் இந்தியா, இலங்கை, இந்தோனேசியா மாணவர்களை அழைத்துப் பழைய டச்சு கற்றுக்கொடுத்தது. அண்மையில் கேரள அரசு அதே லெய்டனோடு 'காஸ்மோஸ் மலபாரிகஸ்' என்ற திட்டத்தில் கைகோத்து, டச்சு ஆவணங்கள் வழியே பதினெட்டாம் நூற்றாண்டுக் கேரளத்தைப் படிக்க வழிசெய்தது. சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேட்டுக்கு 'லெய்டன் செப்பேடு' என்றே பெயர் வரும் அளவுக்கு அந்நகரோடு நமக்கும் பழைய கணக்கு இருக்கிறது. தரங்கம்பாடியின் டேனிஷ் ஆவணங்கள் கோபன்ஹேகனில், அங்கே வந்த மிஷனரி சீகன்பால்கு காலத்துக் கடிதங்களும் ஓலைச்சுவடிகளும் ஜெர்மனியின் ஹாலே நகரில்.

இனி இன்றைய கதை. 1989இல் ஜெர்மனி, பென்டாகுளோரோஃபீனால் என்ற பூஞ்சைத் தடுப்பு ரசாயனத்தைத் தடைசெய்தது. ஜெர்மன் அதிகாரிகள் எழுதிய ஒரு விதி, பாலாற்றங்கரைத் தோல் பதனிடுவோரின் சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்தியது. அந்த அதிர்ச்சி தீருமுன் 1990களின் நடுவில் சில அசோ சாயங்களுக்குத் தடை வந்தது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதுமே அதை ஏற்றது. சாயப்பட்டறைகள் அவசரமாக மாற்றுச் சாயம் தேடின. இதற்கெல்லாம் பின்னால் ஜெர்மனியில் பசுமை அரசியல் வளர்ந்த வரலாறு இருக்கிறது. அதைக் கவனித்து வந்தவர் ஒருவர் இங்கே இருந்திருந்தால் ஓரிரு ஆண்டு முன்கூட்டியே எச்சரித்திருக்க முடியும்.

இப்போது வந்திருப்பது கரிம எல்லை வரி. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறக்குமதி செய்கிறவர்கள், அவற்றைத் தயாரிக்கும்போது எவ்வளவு கரியமில வாயு வெளியாயிற்று என்று கணக்குக் காட்ட வேண்டும். 2023 அக்டோபரில் அறிக்கை தாக்கல் தொடங்கியது. 2026 தொடக்கத்திலிருந்து நுழையும் சரக்குக்குப் பணமும் கட்ட வேண்டும். துணிக்கு இது இன்னும் வரவில்லை. துணியின் சிக்கல் வேறு. மிகக் குறைவாக வளர்ந்த நாடு என்ற சலுகையில் வங்கதேசத்துத் துணி ஐரோப்பாவுக்குள் சுங்கவரியின்றி நுழைந்தபோது, நம்முடையதற்கு 12 சதவீதம் வரை வரி இருந்தது. அதைக் குறைக்க இந்தியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2007இல் பேச உட்கார்ந்து, 2013இல் எழுந்து, 2022இல் திரும்ப உட்கார்ந்தன. பிரஸ்ஸல்ஸில் யார் முடிவெடுக்கிறார்கள், ஆணையத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் என்ன வேறுபாடு, ஒரே ஒரு உறுப்பு நாடு முரண்டுபிடித்தால் என்ன ஆகும் என்று அறிந்த ஆள், திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்துக்கும் செல்லூர்த் தறி முதலாளிக்கும் வழக்கறிஞரைப் போலவே தேவைப்படும் காலம் இது.

யூரேசியப் பக்கமும் அப்படித்தான். ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் 1988இல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் விளைவான கூடங்குளம் அணுமின் நிலையத்தில் தலா 1,000 மெகாவாட் கொண்ட இரண்டு ரஷ்ய உலைகள் இயங்குகின்றன, மேலும் நான்கு கட்டப்பட்டு வருகின்றன. சென்னையையும் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் உள்ள விளாடிவோஸ்டோக்கையும் இணைக்கும் கடல்வழி பற்றி 2019இல் உடன்பாடு ஆயிற்று. தூரம் ஏறத்தாழ 5,600 கடல் மைல். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வழியைவிடப் பதினாறு நாள்வரை மிச்சம் என்று கணக்குச் சொல்கிறார்கள். மருத்துவ மாணவர்கள் உக்ரைனை விட்டபின் ஜார்ஜியா, கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான் என்று நகர்ந்திருக்கிறார்கள். 2024 மே மாதம் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் கும்பல்கள் வெளிநாட்டு மாணவர் விடுதிகளைத் தாக்கியபோது, அங்கே என்ன நடக்கிறது என்று தமிழில் விளக்க ஆள் தேட வேண்டியிருந்தது. அட்மிஷன் ஏஜெண்ட் கட்டணத்தைச் சொல்வார். ஊரின் மனநிலையைச் சொல்ல மாட்டார்.

இவ்வளவு சொன்ன பிறகும் எந்த வீட்டிலும் அப்பா கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இதப் படிச்சா என்னப்பா வேலை கெடைக்கும்?"

நேர்மையான பதில்: பட்டம் மட்டும் இருந்தால் கஷ்டம். மொழி கைவசம் இருந்தால் கதவுகள் திறக்கும். வெளியுறவு அமைச்சகம் தனக்கென மொழிபெயர்ப்பாளர்களை வைத்திருக்கிறது. இந்திய வெளியுறவுப் பணிக்குத் தேர்வாகும் ஒவ்வொருவரும் ஒரு வெளிநாட்டு மொழியைக் கட்டாயம் கற்க வேண்டும். வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் ஜே.என்.யூ. மாணவர். ரஷ்ய மொழி அறிந்தவர், அவருடைய தொடக்கப் பணியே மாஸ்கோவில்தான். ஆய்வு நிறுவனங்கள், தூதரகங்கள், ஜெர்மன் அல்லது பிரெஞ்சு வாடிக்கையாளரோடு பேச ஆள் தேடும் ஐ.டி. கம்பெனிகள், ஏற்றுமதி நிறுவனங்கள், ஊடகம், கல்லூரி ஆசிரியப் பணி என்று மற்ற வழிகளும் உண்டு. சம்பளம் பொறியாளரைப் போல முதல் மாதமே வராது. பொறியாளருக்கே இப்போது அப்படி வருவதில்லை என்பது வேறு விஷயம்.

செல்லூர் மாணவி ஒருத்தி இன்று வரலாறோ பொருளாதாரமோ இளங்கலை படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் முதலில் எடுக்க வேண்டியது மொழி. கல்லூரியில் முதற்பகுதிப் பாடமாகப் பிரெஞ்சு எடுத்தால் மதிப்பெண் கிடைக்கும், பேச்சு வராது. ஏனென்றால் பெரும்பாலும் தேர்வுக்காக மட்டுமே படிக்கப்படுகிற பாடம் அது. சென்னையில் ஜெர்மனுக்குக் கதே நிறுவனமும் பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸும் ரஷ்ய மொழிக்கு ரஷ்ய மாளிகையும் இருக்கின்றன. கதே போன்ற இடங்கள் இணையம் வழியாகவும் வகுப்பு நடத்துகின்றன. ஏ1, ஏ2, பி1 என்ற மொழித் தேர்ச்சி நிலைகளில் படிப்படியாக ஏற வேண்டும். இளங்கலை முடிவதற்குள் பி1 தொட்டுவிட்டால் உலகின் எந்த ஐரோப்பிய ஆய்வுத் துறையும் விண்ணப்பத்தைத் திரும்பிப் பார்க்கும். உலக வரலாறு, அரசியல் நூல்களுக்கு நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.

முதுகலைக்கு உள்நாட்டில் ஜே.என்.யூ., மொழிகளுக்கென்றே இயங்கும் ஹைதராபாத் ஆங்கில மற்றும் வெளிநாட்டு மொழிகள் பல்கலைக்கழகம், கர்நாடகத்தில் மணிப்பாலின் ஐரோப்பிய ஆய்வு மையம் ஆகியவற்றைப் பார்க்கலாம். ஜே.என்.யூ. முதுகலைக்கு சி.யூ.இ.டி. பொதுத் தேர்வு எழுத வேண்டும். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் தனியார் கல்லூரியோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு.

வெளிநாடு என்றால் ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே கிடையாது. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் விதிவிலக்கு. அங்கே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் கிழக்கு ஐரோப்பிய நிறுவனம் 1951 முதல் இந்தத் துறையிலேயே இயங்குகிறது. ஆனால் விசாவுக்காக ஓராண்டுச் செலவான ஏறத்தாழ 12,000 யூரோவை முன்கூட்டியே முடக்கு கணக்கில் காட்ட வேண்டும். நடுத்தரக் குடும்பத்தை மலைக்க வைப்பது கட்டணத்தைவிட இந்தத் தொகைதான். பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் 1949இல் தொடங்கிய ஐரோப்பியக் கல்லூரி இத்துறையின் பழம்பெரும் நிறுவனம். ஒன்றியத்தின் அலுவலகங்களில் அதன் பழைய மாணவர்களைச் சந்திக்காமல் நடக்க முடியாது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

கையில் பணம் இல்லாதவர்களுக்குச் சிறந்த வழி எராஸ்மஸ் முண்டுஸ். 2004இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் ஒரே முதுகலையை இரண்டு, மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மாறி மாறிப் படிக்க வேண்டும். 'யூரோகல்ச்சர்' என்ற படிப்பில் நெதர்லாந்தின் குரோனிங்கன், ஜெர்மனியின் கோட்டிங்கன், சுவீடனின் உப்சாலா, போலந்தின் கிராகோ போன்றவை கூட்டாளிகள். கிழக்கு ஐரோப்பா, ரஷ்யா, யூரேசியா பற்றி கிளாஸ்கோ பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய கூட்டு முதுகலையில் எஸ்தோனியாவின் தார்த்துவும் சேர்ந்திருந்தது. உதவித்தொகை கிடைத்தவருக்குக் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ வீதம் இரண்டாண்டு வரை வரும். உதவித்தொகை பெறும் நாடுகளின் பட்டியலில் இந்தியா தொடர்ந்து முன்வரிசையில் இருக்கிறது. விண்ணப்பங்கள் பெரும்பாலும் அக்டோபரில் திறந்து ஜனவரியில் மூடும். இளங்கலை இறுதியாண்டில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம்.